குதிகாலை ஊன்றாத பிள்ளை

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபையின் படிக்கட்டுகளில் பிள்ளைகள் இறங்கி ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவரையொருவர் முந்திக்கொண்டு இறங்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகால் படியில் படாதபடி இறங்கும். ஏன் இப்படி நடக்கிறாய் என்று கேட்டால், "குதிகால் வலிக்கிறது" என்று மெல்லச் சொல்லும். பக்கத்தில் நிற்கும் தாயோ, "நேற்று மாலை இரண்டு மணி நேரம் பந்து விளையாடினான். அப்போதெல்லாம் வலிக்கவில்லை, இப்போதுதான் வலிக்கிறதாம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தாயின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். சிரித்திருக்கிறேன், கடிந்தும் இருக்கிறேன். ஆகவே இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு கடமை உண்டு.

நாங்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்தவர்கள். எங்கள் மூத்த மகனுக்கு 11 வயதானபோது, மே மாத விடுமுறையில் ஒரு கால்பந்துப் பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். அவனுக்கு அது உயிர். ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஜூலையில் வலி என்றான். காலையில் படுக்கையைவிட்டு எழும்பும்போது நன்றாக நடப்பான்; பள்ளியிலிருந்து வரும்போது நொண்டுவான். விளையாட்டுப் பாடவேளை உள்ள நாட்களில் பள்ளிக்குப் போக மறுத்தான். பந்து விளையாட மட்டும் கால் வலிப்பதில்லையா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. விளையாடும்போதும் வலித்தது என்பதையும், சொன்னால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான் என்பதையும் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன்.

வீட்டருகே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை தந்தார்; மூன்று நாள் வலி தணிந்தது, நான்காம் நாள் திரும்பியது. பின்பு வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பின் பின்புறத்தில் கோடு தெரிகிறது, எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் சதை சூம்பிப் போயிருந்தது. மறுபடி ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், அதே இடத்தில் அதே வலி.

இறுதியாக ஓர் அரசு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் வயதான மருத்துவர் ஒருவர் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயை அவர் உடனே பார்க்கவில்லை. மகனின் குதிகாலை இரு பக்கங்களிலிருந்தும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினார். அவன் துள்ளினான். மறு காலிலும் அழுத்தினார். அங்கும் வலி, சற்றுக் குறைவாக. பின்பு எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். வயது என்ன? இந்த ஆண்டு எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறான்? வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறான்? முதல் கேள்விக்கு மட்டுமே எங்களால் பதில் சொல்ல முடிந்தது.

"எலும்பு உடையவில்லை அம்மா. இன்னும் முழு எலும்பாகவே ஆகவில்லை" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

குதிகாலுக்குள் நடப்பது என்ன?

பிறந்த குழந்தையின் எலும்புகளில் பல பகுதிகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. நாளடைவில் அவை கெட்டிப்படுகின்றன. குதிகால் எலும்பு இதில் சற்று விசேஷமானது. அதன் பெரும்பகுதி முதலில் எலும்பாகிவிடுகிறது. பின்புறத்தில், நாம் குதிகால் என்று தொட்டுக் காட்டுகிற அந்த இடத்தில், பிறை போன்ற ஒரு தனித் துண்டு ஏழெட்டு வயதளவில் தோன்றுகிறது. இந்தத் துண்டுக்கும் பெரிய எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதளவில் இரண்டும் இணைந்து ஒரே எலும்பாகிவிடும். பெண் பிள்ளைகளுக்கு இது சற்று முந்தியே நிகழும்.

இணைவதற்கு முன்புள்ள அந்த ஆறேழு ஆண்டுகள்தாம் பிரச்சினைக்குரிய காலம். உடலிலேயே மிகத் தடித்த தசைநாண், கெண்டைக்கால் தசையை இந்தச் சிறு துண்டோடு பிணைக்கிறது. ஒவ்வொரு முறை பிள்ளை ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த நாண் துண்டை மேல்நோக்கி இழுக்கிறது. உள்ளங்காலில் ஓடும் திசுப்பட்டை அதே இடத்தை முன்நோக்கி இழுக்கிறது. கீழிருந்து தரை மோதுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 35 கிலோ எடையுள்ள பிள்ளையின் குதிகால், ஓர் ஆட்டத்தில் பல்லாயிரம் முறை இந்த அடியைத் தாங்குகிறது. வளர்ந்தவர்களின் கெட்டி எலும்பு இதைத் தாங்கும். குருத்துத் தட்டு சில வேளைகளில் நோகும்.

இதனோடு வளர்ச்சி வேகமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை திடீரென்று உயரமாகும் மாதங்களில் கால் எலும்பு முதலில் நீளுகிறது. தசை அதனைப் பின்தொடர்ந்துதான் நீளுகிறது. அந்த இடைவெளியில் கெண்டைக்கால் தசை இழுத்துக் கட்டிய கயிறுபோல் இறுகியிருக்கும். சென்ற ஆண்டு தைத்த பள்ளிக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறதா? அது குட்டையான அதே மாதங்களில்தான் பெரும்பாலும் குதிகால் வலியும் வரும். பெண் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து வயதளவிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயதளவிலும் இதை அதிகம் காணலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாரன் சீவர் என்னும் எலும்பியல் மருத்துவர் 1912ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினார். அதனால் மருத்துவ நூல்களில் இதற்குச் சீவர் நோய் என்று பெயர் வந்துவிட்டது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் கிருமி இல்லை, தொற்று இல்லை, பரம்பரைக் குறையும் இல்லை. இன்றைய மருத்துவர்களில் பலர் நோய் என்ற சொல்லையே தவிர்க்கிறார்கள். வளர்ச்சி முடிந்து எலும்பு இணைந்தவுடன் இந்த வலி தானே நின்றுவிடும். நடையில் குறையை விட்டுச் செல்வதில்லை.

எக்ஸ்ரேயில் தெரிந்த கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சித் தட்டு எலும்பல்ல. எனவே எக்ஸ்ரேயில் அது இடைவெளியாகத்தான் தெரியும். அந்தப் பிறைத் துண்டும் வெண்மையாகவும், சிலருக்கு இரண்டு மூன்று துண்டுகளாகவும் தோன்றும். வலியே இல்லாத பிள்ளையை எடுத்தாலும் அப்படியே தெரியலாம். ஆகவே இந்த வலியை உறுதி செய்வதற்கு எக்ஸ்ரே அவசியமில்லை. வேறு ஏதேனும் சந்தேகம் இருந்தால் அதை நீக்குவதற்கே எடுப்பார்கள். பிள்ளைகளின் எலும்பைப் பார்த்துப் பழகிய கண் அல்லாவிட்டால் இயல்பான கோடு முறிவாகத் தெரிந்துவிடுகிறது. எங்கள் மகன் சுமந்த மாவுக்கட்டு அப்படி வந்ததே.

பெங்களூரில் ஏன் அதிகம் கேட்கிறோம்?

பெங்களூர்த் தமிழருக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஆஸ்டின் டவுன், அல்சூர், கௌதமபுரம் பக்கத்துச் சந்துகளில் நடந்தவர்களுக்கு இது தெரியும். கௌதமபுரத்தில் பிரேசில் வீரர் பெலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 2013இல் பெங்களூரு எஃப்.சி. அணி தொடங்கப்பட்ட பின்பு சிறுவர்களின் ஆவல் இன்னும் பெருகியது. தகப்பன்மார் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் மகனை இருசக்கர வாகனத்தில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இந்தப் பகுதிகளில் மூத்தவர்கள் சிலரிடம் குதிகால் வலி என்று சொன்னால் ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையானதே. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றாலும், இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று படுதோல்வி. அங்கும் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். "அவர்கள் வெறுங்காலோடு ஒலிம்பிக்கே ஆடினார்கள், உன் பிள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு வலிக்கிறது என்கிறானே!" என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலிம்பிக் ஆடியவர்கள் வளர்ந்த ஆண்கள். அவர்களுடைய குதிகால் எலும்பு இணைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொரு வயதுப் பிள்ளையின் குதிகாலை அவர்களுடைய குதிகாலோடு ஒப்பிடுவது, தளிரைத் தேக்கோடு ஒப்பிடுவதைப் போன்றது.

ஊரில் நாமும் வெறுங்காலுடன் ஓடினோமே, நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி உங்களுக்குள் எழும்பும். சிலருக்கு இருந்திருக்கும், யார் கவனித்தார்கள்? ஆனால் வேறொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாம் மண்ணிலும் வரப்பிலும் புழுதியிலும் ஓடினோம். கோலி, கிட்டிப்புள், மரம் ஏறுதல், குளத்தில் குதித்தல் என்று விளையாட்டு மாறிக்கொண்டே இருந்தது. வலித்தால் உட்கார்ந்துவிடுவோம்; கேட்க ஆள் இல்லை. இங்கே பிள்ளை பகலெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் ஊதல் ஊதினவுடன் ஒரே விளையாட்டை ஒன்றரை மணி நேரம் ஆடுகிறது. மைதானமோ கோடையில் பாறைபோல் இறுகிய செம்மண், அல்லது வாடகைக்கு விடும் செயற்கைப் புல்தரை, அல்லது பள்ளியின் சிமெண்டு முற்றம். நடுவில் களைத்தாலும் நிற்க முடியாது. கட்டணம் கட்டியிருக்கிறோம் அல்லவா? இது என்னுடைய கருத்தே. ஆனால் நகரத்துப் பிள்ளையின் குதிகால் ஊர்ப் பிள்ளையின் குதிகாலைவிட மென்மையானது என்று நான் நம்பவில்லை. அதன்மேல் விழும் சுமையின் முறை மாறியிருக்கிறது.

கால்பந்து மட்டுமல்ல. ஷட்டில், கூடைப்பந்து, த்ரோபால், கோகோ, கயிறு தாண்டுதல், ஆண்டுவிழாவுக்கான நடனப் பயிற்சி எல்லாவற்றிலும் இது வரும். பெண் பிள்ளைகளின் வலியை வீட்டார் இன்னும் தாமதமாகவே கவனிக்கிறார்கள் என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

வீட்டிலேயே எப்படி அறிவது?

வலி குதிகாலின் பின்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ இருக்கும். ஓடும்போதும் ஓடி முடித்த பின்பும் அதிகரிக்கும், ஓய்வில் தணியும். பிள்ளை முன்பாதத்தில் நடக்கும். குதிகாலின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக அழுத்தினால், அந்த இடத்தைச் சரியாகக் காட்டும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு குதிகால்களிலும் இருக்கும். வெளியே வீக்கமோ சிவப்போ பெரும்பாலும் தெரியாது. தெரியாததனால்தான் நாம் நம்புவதில்லை.

பெரியவர்களுக்கு வரும் குதிகால் வலியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்தும். நடக்க நடக்கக் குறையும். பிள்ளைகளின் வலி பகலில் ஆட ஆடக் கூடும். இந்தக் குழப்பத்தினால் சில வீடுகளில் பாட்டிமார் தங்களுக்குச் செய்துகொள்ளும் வைத்தியத்தைப் பேரப்பிள்ளைக்கும் செய்கிறார்கள். செங்கல்லை அடுப்பில் சூடாக்கி, எருக்க இலையைப் பரப்பி, அதன்மேல் குதிகாலை வைத்து மிதிக்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையின் தோல் மெல்லியது, வெந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருங்கேடு. அன்பினால் செய்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

நகரமெங்கும் புத்தூர்க் கட்டுப் பலகைகளைப் பார்க்கிறோம். இங்கே முறிந்த எலும்பே இல்லை. எனவே கட்டுப்போடவும் ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்துக் குதிகாலை அழுத்தி உருவுவதும் நொந்த இடத்தை மேலும் நோகச் செய்யும். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாரேனும் சொன்னால், இந்த வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவதனாலும் இந்த வலி போகாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இதுவரை சொன்னது வலி சொன்னபடி நடந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு. அப்படி நடந்துகொள்ளாத வலியும் உண்டு. அதில் தாமதம் ஆபத்து; ஆகவே இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓய்விலும் தணியாத வலி, காய்ச்சல், குதிகால் சிவந்து வீங்கிச் சூடாக இருத்தல், உடல் மெலிதல், காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் தோன்றுதல், காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்திருத்தல், முழங்கால் அல்லது வேறு மூட்டும் சேர்ந்து வீங்குதல், உயரத்திலிருந்து விழுந்த பின்பு காலையே ஊன்ற முடியாமை ஆகிய எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். எலும்பில் சீழ்க்கிருமி, எலும்புக் காசநோய், சிறுவர் மூட்டழற்சி, எலும்பு முறிவு, அபூர்வமாக இரத்தப் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கலாம். சில நாட்களுக்கு முன்பு ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால் அதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் குடியிருப்போர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி, மேலே ஆறிவிட்டாலும் உள்ளே எலும்பைப் பழுதாக்கக்கூடும்.

தனியார் மருத்துவமனைச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு, ஜெயநகர்ப் பக்கத்தில் சஞ்சய் காந்தி எலும்பியல் மருத்துவமனையும், சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனையும் உண்டு; இரண்டும் அரசினுடையவை. கன்னடம் சரளமாக வராத தாய்மார் ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குதிகாலைக் கன்னடத்தில் ஹிம்மடி என்பார்கள். ஹிம்மடி நோவு என்று சொன்னால் போதும். வெறுமனே கால் நோவு என்று சொல்லி, முழங்காலைப் பரிசோதித்து அனுப்பிய கதைகளும் உண்டு.

செய்யவேண்டியது

அந்த மருத்துவர் எங்களுக்கு மருந்துச் சீட்டு எழுதவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு வாரம் மகன் ஓடும் நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எழுதினோம். பள்ளியில் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள், 80 நிமிடம். மூன்று நாள் பயிற்சி, நாளொன்றுக்கு 90 நிமிடம். மற்ற நான்கு மாலைகளில் தெருவில் கிரிக்கெட், தலா ஒரு மணி நேரம். ஞாயிறு மாலை ஒரு போட்டி, 90 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 680 நிமிடம். பதினொரு மணி நேரத்துக்கு மேல். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. நாங்கள் பயிற்சியை மட்டுமே விளையாட்டு என்று எண்ணியிருந்தோம். குதிகாலுக்கு அந்த வேறுபாடு தெரியுமா?

நொண்டும் அளவுக்கு வலி இருந்தால் முதலில் ஓட்டத்தையும் குதித்தலையும் நிறுத்த வேண்டும். ஓரிரு வாரங்கள் போதுமானதாக இருக்கலாம். அப்போதும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்த வேண்டியதில்லை. நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம், நின்ற இடத்தில் பந்தைத் தட்டிப் பழகலாம். நொண்டல் நின்ற பின்பு, முன்பு ஆடிய நேரத்தில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, வாரவாரம் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எங்களுக்குத் தந்த அளவுகோல் எளிமையானது. விளையாடும்போது இலேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் முற்றும் தணிந்தால் அந்த அளவு தாங்கும். நொண்டினாலோ, மறுநாளும் நீடித்தாலோ, அளவு மிஞ்சிவிட்டது. ஒரு படி இறங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது, கூடுமானால் இரண்டு நாட்கள், ஓட்டமே இல்லாமல் இருக்கட்டும்.

அடுத்தது காலணி. குதிகாலைச் சற்று உயர்த்தினால் தசைநாணின் இழுப்புக் குறையும். மெத்தை வைத்தால் தரையின் மோதல் குறையும். மருந்துக் கடைகளில் ஹீல் குஷன் என்று கேட்டால் சிலிக்கானால் ஆன குதிகால் மெத்தை கிடைக்கும். ஒரு காலில் மட்டும் வலித்தாலும் இரண்டு காலணிகளிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடை கோணும். பள்ளியில் விளையாட்டு நாளன்று அணியும் தட்டையான வெள்ளைக் கான்வாஸ் காலணி இந்த வலிக்கு மிகவும் பொருந்தாதது. இறுகிய மண்ணில் நீண்ட குமிழ்கள் உள்ள கால்பந்து பூட்ஸும் அவ்வாறே. வலியுள்ள காலத்தில் வீட்டுக்குள் கல்தரையிலும் மெத்தென்ற செருப்பு அணியட்டும். விலை உயர்ந்த காலணி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குதிகால் பகுதி தேய்ந்து சாய்ந்துவிட்ட, அண்ணனின் பழைய காலணியைத் தம்பிக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

விளையாடி வந்தவுடன் பனிக்கட்டி ஒத்தடம் இதமளிக்கும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி, அதன்மேல் குதிகாலைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. வலி மிகுந்த நாளில் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. போட்டியில் ஆடுவதற்காக முன்கூட்டியே வலி மாத்திரை கொடுத்து அனுப்புவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அளவு மிஞ்சுகிறது என்று காட்டும் ஒரே அறிகுறியை அது மறைத்துவிடும்.

இறுகிய கெண்டைக்காலைத் தளர்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளை சுவரைப் பார்த்து நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றட்டும். ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், முன்னோக்கிச் சாயட்டும். கெண்டைக்காலில் இழுப்புத் தெரியும் இடத்தில் 30 விநாடி நிற்க வேண்டும். பின்பு அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கி மறுபடியும் 30 விநாடி. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, காலையும் மாலையும். இழுப்புக் கெண்டைக்காலில் தெரிய வேண்டும். குதிகாலில் வலித்தால் சாய்வைக் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது குடும்ப ஜெபத்துக்கு முன் செய்யும் வழக்கமாயிற்று. தகப்பனும் சேர்ந்து செய்ததால் மகன் முணுமுணுக்கவில்லை.

இவற்றில் எது மிகச் சிறந்தது? நெதர்லாந்து நாட்டில் நூறு பிள்ளைகள் அளவில் மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்து, 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒரு பிரிவினர் வலி தரும் ஆட்டத்தைக் குறைத்துக் காத்திருந்தார்கள். ஒரு பிரிவினர் குதிகாலை உயர்த்தும் மெத்தை அணிந்தார்கள். ஒரு பிரிவினர் இயன்முறைப் பயிற்சி செய்தார்கள். ஆறு வாரத்தில் மெத்தை அணிந்தவர்கள் சற்று அதிகத் திருப்தி அடைந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் மூன்று பிரிவினருமே ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். ஆகவே பெரும் பணத்தைச் செலவழித்து மின் சிகிச்சை, அளவெடுத்துச் செய்த பாதத் தாங்கி என்று அலையத் தேவையில்லை. பணம் இல்லாததனால் என் பிள்ளைக்கு நல்ல சிகிச்சை தர முடியவில்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதும் இல்லை.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள். எலும்பு இணையும்வரை இந்த வலி திரும்பி வரலாம். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன், விளையாட்டு விழாப் பயிற்சி தொடங்கும் மாதங்கள், புதிய பயிற்சி வகுப்பில் சேர்க்கும் சமயம் ஆகியவை அதற்குரிய பருவங்கள். திரும்பி வந்தால் சிகிச்சை தோற்றது என்று பொருளல்ல. நோட்டை மறுபடி எடுங்கள்.

பயிற்சியாளரிடம் யார் பேசுவது?

பிள்ளை பேசாது. பதினொரு வயதில் அணியில் இடம் கிடைப்பது சிறு காரியமல்ல. நொண்டினால் இடம் போய்விடும் என்று அது அறியும். இட நெருக்கடியான நகரத்தில், ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த மைதானம்தான் விசாலம். "வலிக்கிறதா, அப்படியானால் விளையாட்டே வேண்டாம், படி" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அடுத்த முறை வலிக்கும்போது பிள்ளை நம்மிடம் சொல்லாது. நான் பட்ட அனுபவம் அதுதான். வலியை நாம் நம்பவில்லை என்பது ஒரு காயம்; நம்பினால் விளையாட்டைப் பறிப்போம் என்பது இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவன் முன்பாதத்தில் நடந்துகொண்டிருந்தான்.

ஆகவே நீங்களே போய்ப் பேசுங்கள். பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பொதுவாகக் கேட்கக்கூடியவர்களே. "ஐயா, இவன் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டப் பயிற்சியின்போது உட்காரட்டும், பந்துப் பயிற்சியில் சேர்ந்துகொள்ளட்டும்" என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் செய்யும் பழக்கம் உள்ள பள்ளியாக இருந்தால், மருத்துவரின் சீட்டை வகுப்பு ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் வாலிபர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அபிநயப் பாடல் என்று ஒரு மணி நேரம் சிமெண்டுத் தரையில் குதிக்க வைக்கிறார்களே, அதுவும் கணக்கில் சேரும்!

எங்கள் மகனுக்கு அந்த ஆண்டு இரண்டு முறையும், அடுத்த ஆண்டு ஒரு முறையும் வலி திரும்பி வந்தது. பதினான்கு வயதுக்குப் பின் வரவில்லை. மாவுக்கட்டில் சூம்பிய கால் எது என்று இப்போது அவனாலேயே சொல்ல முடியாது. சென்ற மாதம் எங்கள் இளைய மகள் பள்ளியின் த்ரோபால் அணியில் சேர்ந்தாள், ஒன்பது வயது. மூன்றாம் வாரம் படிக்கட்டில் இறங்கும்போது அவள் கைப்பிடியைப் பற்றினாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, அண்ணன் அவளை உட்கார வைத்து, குதிகாலை இரண்டு விரல்களால் பிடித்து, "இங்கேயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பழைய நோட்டில் பாதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே இருந்தன.